மூன்றெழுத்தில் முடிகிற துக்கமா?

கேள்வி: தோட்டத்தில் யாராவது தவறிவிட்டால், பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ‘ஆர்.ஐ.பி.’ என்று போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். அது போதுமா?
- வாசகர், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர்

பதில்: போதாது. ஆங்கிலம் என்பது காரணமல்ல. அந்த மூன்றெழுத்தில் விசாரிக்கும் கேள்வியே இல்லை என்பதுதான் காரணம். நம் வழக்கு ‘துக்கம் விசாரிப்பது’. எப்படி ஆச்சு, கடைசியாக என்ன பேசினார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறோம். வருகிறவர்களிடமெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வீட்டாருக்கு மனம் ஆறுகிறது. கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்றுகூடச் சொல்லாத அளவுக்கு அந்த வீட்டில் நாம் வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறோம். அந்த மூன்றெழுத்தோ, இறந்தவரின் ஆன்மாவுக்கான லத்தீன் கிறிஸ்தவ வேண்டுதலின் ஆங்கிலச் சுருக்கம். அழுதுகொண்டிருக்கும் மகளுக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

தமிழ் எழுத வராத பிள்ளை என்ன செய்யும் என்பீர்கள். நியாயம்தான். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களை விட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போன குடும்பங்கள் பல. எல்லாராலும் உடனே வந்து சேர முடியாது. ஆங்கிலத்திலேயே எழுதட்டும், ஆனால் முழு வாக்கியமாக, இறந்தவர் பெயரோடு. ‘உங்கள் அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்வந்து, எங்களுக்கும் சேர்த்துத் தேநீர் போடுவார்’ என்பது எந்த மொழியிலும் ஆறுதல்தான். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று நகலெடுத்து ஒட்டுவது தமிழாக இருப்பதாலேயே ஆறுதலாகிவிடாது. எழுதிய பிறகு, பதினாறாம் நாளுக்குள் ஒருமுறை போன் போட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.