இதென்ன பிரமாதம் மாமா

எந்தச் சுற்றுலாப் பேருந்தில் ஏறினாலும் ஜன்னலோரம் அவர் இருப்பார். அருவியைக் காட்டினால், "இதென்ன பிரமாதம், நயாகரா பார்க்கணும் நீங்க" என்பார். நயாகராவுக்கே அழைத்துப்போனால், "என்ன இருந்தாலும் குற்றாலம் மாதிரி இறங்கிக் குளிக்க முடியுமா?" என்பார். ஏற்கெனவே பார்த்த ஊர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்கென்றே புது ஊருக்கு டிக்கெட் எடுக்கிற பிறவி.

மகனோ மகளோ மெல்பர்னில் இருந்தால், டிசம்பர் மாதத்து பிலிப் ஐலண்ட் பேருந்தில் இந்த மாமாவைச் சந்திக்கலாம். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே கூட்டிப்போகாவிட்டால் பிள்ளைகளுக்குப் பொல்லாப்பு வந்துவிடும். நகரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். போகிற வழியில் கோலாவைக் காட்டுவார்கள். ("தூங்குது. இதுக்குக் காசா?") பொழுது சாய்வதற்குள் சம்மர்லாண்ட் கடற்கரையில், படிப்படியாகக் கட்டிய இருக்கைகளில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்த பென்குவின்கள் இருட்டியதும் கரையேறி வளைக்குத் திரும்பும். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

பென்குவின் விஷயத்தில் மாமா கைதேர்ந்தவர். துபாயில் மாலுக்குள்ளே இருக்கும் பனிக்கூடத்தில் கிங் பென்குவின் பார்த்தாயிற்று. 2016-இல் தென்கொரியாவிலிருந்து மும்பை பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்கு வந்த ஹம்போல்ட் பென்குவினையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாயிற்று. "துபாய்ல டைம் போட்டிருப்பான். டாண்ணு வந்துடும்" என்று பின்வரிசைக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். 'கோடைக்காலம்தானே' என்று அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர், பாஸ் நீரிணையிலிருந்து வந்த காற்று காதில் அறைந்ததும் மாமியின் சால்வையில் பாதியைப் பறித்துக்கொண்டார்.

வழிகாட்டி ஒரு கதை சொன்னார். இந்த முனையில் முன்பு வீடும் தெருவுமாக ஒரு குடியிருப்பே இருந்ததாம். பென்குவினுக்கு இடம் வேண்டும் என்று 1985-இல் அரசாங்கம் அந்த நிலத்தையெல்லாம் திரும்ப வாங்கத் தொடங்கி, 2010-க்குள் வீடுகளை முழுக்க எடுத்துவிட்டதாம். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துல அப்படியே தலைகீழ்" என்றார். அன்றைக்கு அவர் போட்ட ஒப்பீடுகளில் இதற்கு மட்டும் யாரிடமும் மறுபேச்சு இல்லை.

மணி ஒன்பதாகியும் பென்குவின் வரவில்லை. பக்கத்தில் நின்ற வனக்காவலரிடம் மகனை விட்டுக் கேட்கச் சொன்னார்: "எத்தனை மணிக்குன்னு சரியாச் சொல்லச் சொல்லுடா." இருட்டினால் வரும் என்றார் அந்தப் பெண். "இது ஒரு பதிலா?"

பிறகு அலை நுரையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஐந்தாறு உருவங்கள் எழுந்து நின்றன. முதுகில் கருநீலம், வயிறு வெள்ளை. அண்ணா சாலையைக் கடக்க, யாராவது முதலில் காலை வைக்கட்டும் என்று காத்திருக்கும் கூட்டம் போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்று துணிந்து நாலடி வைத்தது. ஒரு கடற்காகம் குறுக்கே பறந்தது. அவ்வளவுதான், மொத்தமும் திரும்பித் தண்ணீருக்குள் ஓட்டம்.

"என்னடா, வந்துட்டுப் போயிடுச்சு?"

மறுபடி வந்தன, மறுபடி ஓடின. மூன்றாம் முறை எண்ணிக்கை கூடியிருந்தது. வெட்டவெளி மணலைத் தனியாகக் கடப்பது ஆபத்து என்பது அவற்றுக்குத் தெரியும். கூட்டம் சேரும்வரை காத்திருக்கும். இந்த முறை குனிந்த தலையோடு விறுவிறுவென்று புல்மேட்டைப் பார்த்து நடந்தன.

மாமா எழுந்தே விட்டார். "சரி, குஞ்செல்லாம் வந்தாச்சு. பெரிசு எப்போ வரும்?"

வளர்ந்தாலே இவ்வளவுதான் என்றார் வனக்காவலர். உலகத்திலேயே மிகச் சிறிய பென்குவின் இனம் இது. உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. மாமாவின் முகத்தில், மளிகைக்கடையில் எடை குறைந்ததைக் கண்டுபிடித்த களை. சாட்சிக்குப் படம் எடுக்கக் கைப்பேசியை வெளியே எடுத்தார். கூடாது என்றார்கள். ஃபிளாஷ் போடமாட்டேன் என்று வாதாடினார். அணைக்க மறக்கிற ஆள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், வெளிச்சம் பட்டால் பறவை மிரண்டுவிடும், ஆகவே யாருக்கும் கிடையாது என்றார்கள். இத்தனை தூரம் வந்து வாட்ஸ்அப்பில் போட ஒன்றும் இல்லாமல் திரும்பும் துக்கம் சாமானியமானதல்ல.

மாமி இதற்குள் மரப்பாதைக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வளை வாசலில் தாயோ தகப்பனோ வந்ததுதான் தாமதம், இரண்டு குஞ்சுகள் மறித்துக்கொண்டு அலகை அலகால் இடித்தன. உள்ளே போகவும் விடவில்லை, மூச்சு வாங்கவும் விடவில்லை. சுற்றிலும் புதருக்குள்ளிருந்து உறுமலும் கனைப்புமாக ஒரே அமர்க்களம். "கொஞ்சம் இங்கே வந்து பாருங்களேன்" என்றாள். "துபாய்ல இந்தச் சத்தமெல்லாம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில், கிளம்புவதற்கு முன் வண்டிக்கு அடியில் பென்குவின் இருக்கிறதா என்று பார்க்கச்சொல்லி அறிவிப்பு உண்டு. ஓட்டுநர் பார்த்தார். பிறகு, முழங்கால் வலிக்காரரான மாமாவும் தம் பங்குக்குக் குனிந்து பார்த்து, "கிளியர்" என்று உத்தரவு கொடுத்தார்.

அடுத்த ஆடி கழிந்து சென்னையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் கேப் டவுன் போய் வந்தவர். போல்டர்ஸ் கடற்கரையில் எடுத்த ஆப்பிரிக்கப் பென்குவின் படங்களைக் காட்டினார். மாமா இடக்கையால் கைப்பேசியை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"இதென்ன பிரமாதம்! பிலிப் ஐலண்ட் போயிருக்கீங்களா? லட்சக்கணக்கில வரும். ஒவ்வொண்ணும் இவ்வளவு உயரம்" என்று நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

"படம் இருக்கா?"

"எடுக்க விடமாட்டான் சார், அங்கே."

மாமி ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னாள்: "வளைகாப்புல இடுப்பு வரைக்கும்தான் இருந்தது."