பெஞ்சில் தங்காதவர் பேரில் பாலம்

கோவையை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த தொழில்மேதை ஜி.டி.நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணள்ளி வீசியதாகக்கூடக் கதை உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவிநாசி சாலையில் இன்று அவர் பேரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம்.

அதற்கடியில் மூன்றாவது டியூஷனுக்கு ஓடுகிறான் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். கவனம் நிற்காது, கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஏனுங்க, வீட்ல கண்டிக்கவே மாட்டீங்களா?" என்கிறார் மிஸ். அப்பத்தா வல்லாரை அரைக்கிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு. கவனக்குறைபாட்டுக்குத் தனி வரி இல்லை. எப்படியோ சான்று வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் சலுகை உண்டு: மூன்று மணி நேரம் உட்கார முடியாதவன் நான்கு மணி நேரம் உட்காரலாம்.