சுமை கூடினால் வீரம் வரும்

ஆட்டவா,
மார்ச் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி இப்போது தேவலையா? வைகாசி விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். கயாக் என்கிற ஒற்றை ஆள் படகை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவதாகத் திட்டம். இதில் கொஞ்ச தூரம் படகு எங்களைச் சுமக்கும். ஆறு முரண்டு பிடிக்கிற இடங்களில் நாங்கள் படகைச் சுமந்துகொண்டு காட்டுவழியே நடப்போம். இந்த நடைக்கு இந்த நாட்டில் போர்ட்டேஜ் என்று பெயர். கைக்காசைப் போட்டுக் கூலிவேலை பார்க்கப் போகிறாயா என்று நீங்கள் கேட்கப்போவது தெரியும். அந்த வழக்கைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்களிடம் வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பயணத்துக்குத் திட்டம் போடுகிறவன் தண்ணீரிலிருந்து கணக்கை ஆரம்பிக்கக் கூடாது; தன் தோளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உயிர் தப்புவது அதில்தான் இருக்கிறது.

ஆற்றின் பெயர் பெட்டவாவா. ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கான்குவின் பூங்காவுக்குள் ஓடி ஆட்டவா ஆற்றில் போய்ச் சேர்கிறது. டிராவர்ஸ் ஏரியில் இறங்கி மக்மானஸ் ஏரியில் கரையேறுவது பலரும் போகும் பாதை; நிதானமாகப் போனால் மூன்று நான்கு நாள் பிடிக்கும். நடுநடுவே ஆறு பாறைகளுக்குள் விழுந்து, புரண்டு, நுரைத்துக்கொண்டு பாயும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு ரேப்பிட் என்று பெயர். பிக் தாம்சன், க்ரூக்கட் ஷூட், ரோல்வே, ஸ்கூனர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரேப்பிட்டுக்கும் முன்னால் கரையோர மரத்தில் மஞ்சள் பலகை ஒன்று இருக்கும். சுமக்க வேண்டிய தூரம் அதில் மீட்டரில் எழுதியிருக்கும். மீட்டரில் எழுதுவது ஒரு தந்திரம் என்பது என் சந்தேகம். எண்ணூறு மீட்டர் என்றால் நம் ஊரில் கடைத்தெருவுக்குப் போய் வருகிற தூரம். வேரும் சேறும் வழுக்குப் பாறையுமான தடத்தில், காதோரம் கருப்பு ஈக்கள் மொய்க்க, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் அறைந்துகொண்டு நடக்கும்போது அந்த எண்ணூறு வேறு எண்.

அந்தச் சுமையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த கயாக் வெறுமனே இருபது கிலோவுக்குக் குறையாது. ஆள் உட்காரும் குழியின் விளிம்பைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தூக்க வேண்டும். விளிம்பு சரியாக எலும்பு இருக்கும் இடமாகப் பார்த்து உட்காரும். துடுப்பு, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஆற்றில் விழுந்தவனுக்கு எறியும் கயிற்றுப் பை எல்லாம் வேண்டும். படகுக்குள் தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் கட்டி விளிம்போடு இழுத்து மாட்டும் ரப்பர் பாவாடை ஒன்றும் உண்டு. ஆறடி ஆண்பிள்ளைகளும் கூச்சமில்லாமல் கட்டிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, சாப்பாடு. எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. இரண்டு நடையாகப் பிரித்தால் போவது, வெறுங்கையோடு திரும்புவது, மறுபடி போவது என்று அதே தடத்தை மூன்று முறை மிதிக்க வேண்டும். மூன்று நடையானால் ஐந்து முறை. இரண்டு கிலோமீட்டர் சுமைவழி, ஆசைப்பட்டு மூட்டை கட்டியவனுக்குப் பத்து கிலோமீட்டராகிவிடுகிறது. ஒரு மூட்டை கூடினால் ஒரு முறை அல்ல, இரண்டு முறை கூடும். பூங்கா நிர்வாகமும் தன் பங்குக்கு உதவுகிறது: உள்காட்டுக்குள் தகர டின்னும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகத் தடை. அத்தையின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியிலிருந்து இறங்கி பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர வேண்டும். தண்ணீரைத் தூக்க வேண்டியதில்லை, ஆற்றிலேயே வடிகட்டிக் குடிக்கலாம். அதனால் தண்ணீர் வற்றிய பண்டமே உத்தமம். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், இங்கே கடைகளில் யானை விலைக்கு விற்கும் உலர் உணவுப் பொட்டலங்களுக்கு அவலும் பருப்புப் பொடியும் கொஞ்சமும் இளைத்தவை அல்ல.

எடையைப் பற்றி ஏன் இத்தனை நேரம் அளக்கிறேன் என்றால், சுமை கூடக் கூட மனிதனுக்கு ஒரு பொய்த் தைரியம் வந்துவிடுகிறது. காலையில் முதல் மஞ்சள் பலகையைப் பார்த்து மரியாதையாகக் கரையேறுகிறவன், மதியம் மூன்றாவது பலகையைப் பார்த்ததும் “இது அப்படியொன்றும் பெரிய ரேப்பிட் இல்லையே” என்பான். ரேப்பிட் சிறியதாகவில்லை, அவன் தோள் புண்ணாகியிருக்கிறது. இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. எந்த எடை நடக்க விடாமல் தண்ணீருக்குள் தள்ளுகிறதோ, அதே எடைதான் தண்ணீருக்குள் போனதும் படகைத் திரும்ப விடாமல் செய்கிறது. பாரம் ஏற்றிய கயாக் மெதுவாகத்தான் வளையும். பாறைக்குப் பின்னால் இருக்கிற அமைதியான நீருக்குள் சட்டென்று ஒதுங்காது. ஆக, அதிகம் மூட்டை கட்டியவனே ரேப்பிட்டில் இறங்க அதிகம் ஆசைப்படுகிறான், இறங்கத் தகுதி குறைந்தவனும் அவனேதான்.

பழைய சரித்திரமும் இதையே சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மாண்ட்ரியாலிலிருந்து மரப்பட்டைப் படகுகளில் சரக்கேற்றிப் போய், உள்நாட்டிலிருந்து வந்த பீவர் என்ற நீரெலியின் தோலோடு திரும்பிய வாயஜர்கள் என்ற பிரெஞ்சுக் கனடியக் கூலிப் படகோட்டிகளின் தொழிலே இந்தச் சுமைதான். சுப்பீரியர் ஏரியின் கரையில் கிராண்ட் போர்ட்டேஜ் என்று ஓர் இடம், இப்போது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கிறது. பிஜன் ஆறு ஏரியில் விழுவதற்கு முன்னால் அருவியும் மலையிடுக்குமாக இருப்பதால் அந்தப் பகுதியில் படகே போகாது; எட்டரை மைல், அதாவது கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், சுமந்தாக வேண்டும். ஒரு மூட்டை 90 பவுண்டு, நம் கணக்கில் 41 கிலோ. ஒரு நடைக்கு இரண்டு மூட்டை. நெற்றியில் தோல் பட்டையை மாட்டி, மூட்டைகளை முதுகில் தொங்கவிட்டு நடந்தார்கள். நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல் போல, மூட்டையை இறக்கி மூச்சு வாங்கும் இடங்கள் வழியெல்லாம் உண்டு. தூரத்தையே அந்த இடங்களை எண்ணித்தான் சொன்னார்கள்: கிராண்ட் போர்ட்டேஜ் என்றால் 16 இறக்கம். என்ன தெளிவு பாருங்கள்! மைலைச் சொன்னால் நிலத்தின் நீளம்தான் தெரியும். இறக்கத்தைச் சொன்னால் ஆளின் கழுத்துக்கு என்ன ஆகும் என்பது தெரியும். திட்டம் போடுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அளவை கிடையாது.

அந்த அசகாய சூரர்களுக்கும் பொய்த் தைரியம் வந்ததுண்டு. சிறிய ரேப்பிட்டுகளைச் சுமக்காமல் படகிலேயே தாண்டி நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். சில சமயம் பெரியவற்றிலும் முயன்று பார்த்தார்கள். அதற்குச் சாட்சி ஆற்றின் அடியில் கிடந்தது. 1960இல் மின்னசோட்டா–ஒன்டாரியோ எல்லையில் ஓடும் கிரானைட் ஆற்றில், ஹார்ஸ்டெயில் ரேப்பிட்டுக்குக் கீழே முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது 17 பித்தளைக் கெட்டில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி, அப்படியே கிடைத்தன. வியாபாரத்துக்குப் போன சரக்கு. அந்த அடுக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கழுத்து வலித்திருக்கும், பித்தளை பிழைத்திருக்கும்.

இதற்கு இங்குள்ள சூரர்களிடம் ஒரு மறுப்பு உண்டு. அதெல்லாம் பட்டைப் படகுக் காலத்துக் கதை, இப்போது பயிற்சி பெற்றவன் எதையும் ஓட்டலாம் என்பார்கள். பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெட்டவாவாவின் ரோல்வே ரேப்பிட்டில் 1968 மே மாதம் மூழ்கி இறந்தவர் பிளேர் ஃபிரேசர், மக்லீன்ஸ் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், பழைய வாயஜர் வழிகளிலெல்லாம் நண்பர்களோடு படகோட்டிப் பழகியவர். அவர் நினைவாக அங்கே ஒரு சிலுவை நிற்கிறது. அதுவும் மே மாதம் என்பதைக் கவனியுங்கள். பனி உருகி ஓடும் அந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு வாய்பாடு சொல்லியிருக்கிறார்: மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். ரேப்பிட்டுகளைக் கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, உதவிக்கு ஆளில்லாத காட்டுக்குள் நீண்ட பயணமானாலோ தரத்தை ஒரு படி கூட்டியே எண்ண வேண்டும் என்பது அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்பின் விதி. எங்கள் பயணத்துக்கு இரண்டு நிபந்தனையும் பொருந்துகிறது. அப்படியும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்கிறவனுக்குச் சுமைவழியே ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்து தருகிறது. முதல் நடையில் மூட்டைகளை மட்டும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது கை காலி. ஆற்றோரமாக வந்து எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் போகிறது, கயிற்றுப் பையோடு ஒருவன் எங்கே நிற்கலாம் என்று சாவகாசமாகப் பார்க்கலாம். அதற்குப் பிறகு தைரியம் மிஞ்சியிருந்தால் வெறும் படகை ஓட்டலாம், மிஞ்சாவிட்டால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். இந்த இரண்டாவது வழி திறந்திருப்பவன்தான் முதல் வழியைப் பற்றித் தெளிந்த புத்தியோடு முடிவெடுப்பான். அது திறந்திருப்பதற்கு மூட்டை இலேசாக இருக்க வேண்டும். அதை வீட்டில், தராசு வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

இயந்திரம் இருக்கிற நாட்டில் எதற்கு இந்தத் தோள் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இதே ஒன்டாரியோவில் டிரென்ட்–செவர்ன் நீர்வழியில் பிக் ஷூட் என்ற இடத்தில் அரசாங்கமே படகுகளைத் தண்டவாளத்தில் ஓடும் மேடையில் ஏற்றி, மேட்டைத் தாண்டிச் சுமார் 18 மீட்டர் தாழ இருக்கும் நீரில் இறக்கிவிடுகிறது. அங்கே நீர்ப்பூட்டு கட்டாமல் ரயிலையே வைத்துக்கொண்டதற்குக் காரணம், மீனின் ரத்தத்தை உறிஞ்சி வாழும் லாம்ப்ரே தண்ணீரோடு நீந்தி மேலே போய்விடக் கூடாது என்பதுதான். படகுக்கு ரயில் பயணம், லாம்ப்ரேக்கு அனுமதி மறுப்பு. ஆனால் பெட்டவாவாக் காட்டில் தண்டவாளம் கிடையாது. சக்கர வண்டி கொண்டுபோகலாம்தான். முதல் வேரில் சக்கரம் மாட்டியதும் வண்டியும் ஒரு சுமையாகிவிடும், நடை கணக்கும் இரண்டு கூடிவிடும். சுமையே இல்லாத ஆறும் இருக்கிறது. ஆட்டவா ஆற்றில் ஒரு நாள் முழுக்கப் பெரிய பெரிய அலைகளில் குதித்துவிட்டு மாலையில் பஸ் ஏறி வந்துவிடலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் மட்டும் ஆடிப்பெருக்கு மாதிரி இருக்கும்.

இனி உங்கள் வழக்கு. ஒகேனக்கல்லில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படித்துறைக்குத் திரும்பி நடக்கிறவரை நீங்கள் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறீர்கள். அவர் வயிற்றுக்காகச் சுமக்கிறார். வாயஜர்களும் வயிற்றுக்காகத்தான் சுமந்தார்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு, விலை கொடுத்து வாங்கிய படகை, பொழுதுபோக்காகச் சுமக்கிற எங்களை அவர்களோடு ஒரே வரியில் வைத்துப் பேசுவது அநியாயம் என்று நீங்கள் சொன்னால் எனக்குப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். தோளிலிருந்து கணக்குப் போடச் சொல்லும் என் வாதத்தை மட்டும் அது தொடாது. கூலிக்குச் சுமந்தவர்களிடமிருந்துதானே அதை எடுத்திருக்கிறேன். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. காவிரியில் நீர்வரத்து கூடினால் கலெக்டர் ஆபீசிலிருந்து பரிசல் இயக்கத் தடை வந்துவிடும், விவாதத்துக்கு இடமில்லை. இங்கே ஆற்றின் நீரளவை அரசாங்கம் கணினியில் உடனுக்குடன் போட்டுவிடுகிறது. பார்த்துவிட்டு இறங்குவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. பார்த்த எண்ணைத் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறவர்கள் அதிகம், முக்கியமாக லீவு ஏற்கெனவே கிடைத்துவிட்டவர்கள்.

அடுத்த முறை ஒகேனக்கல் பக்கம் போனால் எனக்காக இரண்டு விவரம் விசாரித்து எழுதுங்கள். பரிசலின் எடை எவ்வளவு? தோல் போய் பிளாஸ்டிக் விரிப்பு வந்த பிறகு அது குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? அத்தையிடம் பருப்புப் பொடி அரைக் கிலோ போதும் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ அனுப்பினால் நடை கூடும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்