ஹெப்பகோடியில் ஒரு சங்கீதம்

கே: ஹெப்பகோடியில் வீடு, ஆர்.வி. ரோடில் வேலை. ஜெபத்துக்கு நேரம் எங்கே? (ஒரு வாசகி, ஹெப்பகோடி)

ப: 2025 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்த மஞ்சள் தட மெட்ரோவில்! அரை மணிப் பயணத்தில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். சங்கீதம் 117 கிடைக்கும். இரண்டே வசனம், அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிடும். 119-ஐ ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், அது 176 வசனம்.

ஆனால் குடும்ப ஜெபத்தை ரயிலில் நடத்த முடியாது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளோடு ஐந்து நிமிஷம் பாயில் உட்காருங்கள்.

கே: தினமும் ஜெபிக்கிறேன். விசுவாசம் வளர்ந்த மாதிரியே தெரியவில்லையே?

ப: தினம் பார்க்கிற உங்களுக்கு உங்கள் பிள்ளை வளர்வது தெரிகிறதா? லீவுக்கு ஊரிலிருந்து வரும் பாட்டிக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள், தண்ணீர் லாரி வரும்போது உங்கள் குரல் இறங்கியிருக்கிறதா என்று.

கே: கன்னட ஊரில் தமிழில் ஜெபித்தால் கர்த்தருக்குக் கேட்குமா?

ப: தமிழ் எழுத்து இந்தியாவில் அச்சேறியதே அதற்காகத்தானே! 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம்; வேத போதனையும் ஜெபமும் சொல்லித்தரும் புத்தகம். அண்டிரிக் அடிகளார் போர்ச்சுகலிலிருந்து வந்து, தமிழ் படித்து அதைத் தந்தார்.

கர்த்தருக்குத் தமிழ் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு? இன்று ராத்திரி ஒரே ஒரு வசனத்தை அவர்களைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.