உறுதிமொழி ஏற்போம், டி.சி. கொடுப்போம்

ஜூன் 26 வந்தால் நம் ஊர்ப் பள்ளிகளில் போதை ஒழிந்துவிடும். இந்த நாளை 1987இல் குறித்துக் கொடுத்த ஐ.நா. சபைக்கு, ஒழிப்பு இவ்வளவு மலிவாக முடியும் என்று தெரிந்திருக்காது. ஒரு பேனர், ஒரு மைக், வெயிலில் கை நீட்டி நிற்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அவ்வளவுதான் செலவு. பேனரில் மண்டையோடு கட்டாயம். அதைவிடப் பெரிதாகப் பிரமுகரின் சிரிப்பு.

உறுதிமொழி முடிந்து கிளம்பும் பேரணி டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் போகிறது. கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு என்பதால் காலையிலேயே ஒழித்து முடித்துவிடுகிறார்கள்; யார் பிழைப்பும் கெடாது. 2024-25இல் மது விற்று அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. அங்கதம் எழுதுகிறவனுக்கு இவர்கள் எதை மிச்சம் வைத்தார்கள்?

அதையாவது சிரித்துத் தொலைக்கலாம். கை நீட்டி நின்ற பையன்களில் ஒருவன் பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் சிக்குகிறதே, அதன் பிறகு நடப்பதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பிரேயரில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து அறை. அப்பா ஒரு நாள் கூலியை விட்டு ஓடி வந்து கைகட்டி நிற்கிறார். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம், கையில் டி.சி. எப்போதிருந்து போடுகிறாய், யார் கொடுத்தது, ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்க அந்த வளாகத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. டி.சி.யோடு வெளியே வருகிறவனை 'வா தம்பி' என்று கூப்பிட ஒரே ஓர் இடம் இருக்கிறது: பொட்டலம் விற்ற பெட்டிக்கடை. பள்ளிக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெஜம் அளக்க ஆள் வரும் நாளில் அந்தக் கடை பூட்டியிருக்கும்.

1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமைக்குப் பேர்போனது. அதிலேயே, போதைக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறை நோய்க் கணக்கில் சேர்த்துவிட்டது. போலீஸ் சட்டத்துக்கு இருக்கும் ஈரம் தலைமையாசிரியர் அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஊர் மட்டும் யோக்கியமா? 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; ஒழிப்பு தினத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் கொதித்ததோ, குடித்துச் செத்தவனுக்கு எதற்கு அரசு நிவாரணம் பத்து லட்சம் என்று. விஷம் கலந்தவன்மேல் வராத கோபம் பிணத்தின்மேல் வந்தது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் போதை மீட்புக்கென 1980இல் சிகிச்சை மையம் தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் மகனைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டு வரும் தாய், ஊரில் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்கிறாள். காமாலை என்றால் நாலு வீட்டிலிருந்து கீழாநெல்லி வரும். உண்மையைச் சொன்னால் அவள் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த மகன் மீண்டு வருகிறான் என்றே வையுங்கள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமன் மச்சான் எல்லாம் நிற்கிறார்கள். "ஒரு கட்டிங் போட்டா என்னடா ஆயிடும்?" வேண்டாம் என்றால், "பெரிய யோக்கியன் வந்துட்டான்!" வற்புறுத்தல் தாங்காமல் வாங்கிவிட்டால், அந்தக் கிளாஸை ஊற்றிக் கொடுத்த மாமாதான் பந்தியில் முதல் ஆளாகச் சொல்வார்: "நான் அப்பவே சொன்னேனே, இவனெல்லாம் திருந்த மாட்டான்னு."