பாடிப் போன மணத்திக்காரர்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றொரு மகராசன் உண்டு. தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம், அவர் பந்தை எறிந்து முடிக்கும்வரை முன்னால் நின்று அடி வாங்க ஐந்து தடியர்கள். ஆடி ஓய்ந்தால் சிலருக்குக் கோச் வேலை. தாமிரபரணிப் பக்கத்துக் கபடியில் இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. ஒரே ஆள், அரை டவுசர், எதிரே ஏழு பேர். தொட்டுவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே வேறு போக வேண்டும். இந்த வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் எவன் வருவான்? மணத்தியிலிருந்து ஒருவர் வந்தார், பெயர் கணேசன்.

மணத்தி இப்போது தூத்துக்குடி மாவட்டம். கணேசன் சிறுபிள்ளையாக இருந்தபோது அதுவும் திருநெல்வேலிதான், 1986இல் பிரித்தார்கள். தொண்ணூறுகளில் தென்மாவட்ட நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆடுகளத்தில் கோட்டைத் தாண்டினால் பாயிண்ட், ஊரில் தாண்டினால் அரிவாள். அத்தனை ரகளையிலும் சாயங்காலமானால் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். கோட்டோரம் துண்டைத் தோளில் போட்டபடி ஒரு அண்ணாச்சி, “ஏலே, காலைப் பிடிலே, கழுத்தையா பிடிப்ப?” என்று தொண்டை கிழியக் கத்துவார். கோச், செலக்டர், பிசியோ மூன்றும் அவரே. சம்பளம் ஒரு டீ.

1990இல் பெய்ஜிங்கில்தான் ஆசிய விளையாட்டுக்குள் கபடி நுழைந்தது. 1994இல் ஹிரோஷிமா; இந்திய அணியில் நம் கணேசன். தங்கம் இந்தியா, வெள்ளி வங்கதேசம், வெண்கலம் பாகிஸ்தான். ஒரே வீட்டுப் பங்காளிகள் மூவரும் ஜப்பான்வரை விமானம் ஏறிப்போய்ச் சொத்தைப் பிரித்துக்கொண்டு வந்த கதை. 1995இல் அர்ஜுனா விருது. வேலை மின்வாரியத்தில். அந்தக் காலத்தில் கரண்ட் வரும், போகும். வாரியத்துக் கபடி டீம் மட்டும் நிலையாக நின்றது.

பிறகு 2014இல் புரோ கபடி வந்தது. பொட்டல் போய் மேட் வந்தது, துண்டு போய் கோட் வந்தது. முதல் வருஷமே ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்த கோச், நம் தமிழ்நாட்டு கே. பாஸ்கரன். சரி, அவரையே பிடி என்று 2017இல் தமிழ் தலைவாஸ் கூட்டிவந்தது. சச்சின் பங்குதாரர், கமல் விளம்பரத் தூதர். பிரிவில் கடைசி இடம்! கோச் அதே ஆள்தான், ஐயா; மாமியார் வீட்டில் வேலை பார்த்தவருக்குத் தாய்வீட்டில் கை ஓடவில்லை.

2022இல் தலைவாஸ்காரர்கள் பவன் செராவத் என்ற ஆட்டக்காரரை 2.26 கோடிக்கு ஏலம் எடுத்தார்கள். முதல் மேட்சிலேயே அடிபட்டு உட்கார்ந்தார், சீசனே போச்சு. பாதியில் கோச்சாகப் பொறுப்பேற்றவர் ஆஷன் குமார், தானும் இந்தியாவுக்கு ஆடிய மனுஷன். கோடி ரூபாய் ஆள் இல்லாமலே டீமை அரையிறுதிக்கு இழுத்துப் போனார். நம்ம அண்ணாச்சி இதைத்தானே அந்த ஒரு டீக்குச் செய்துகொண்டிருந்தார்?

2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன்’ வந்தது. கணேசன் வாழ்க்கையைத் தழுவிய கதை, விக்ரம் மகன் துருவ் பாடிப் போனார். படம் விட்டு வெளியே வந்தவர்கள், “அட, இவரு நம்ம பக்கத்துக்காரரா!” என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆமாம். 1995லேயும் நம்ம பக்கத்துக்காரர்தான்.