சுங்கச்சாவடியில் ஒரு ரூபாய்: நெடுஞ்சாலை ரீஜென் பற்றிய ஆராய்ச்சி

மின்சாரக் காரை நெடுஞ்சாலையில் ஓட்டும்போது ரீஜென் பிரேக்கை எந்த அளவில் வைப்பது என்னும் பொருள் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. ஆராய்ந்த சிலரும் காரை ஓட்டிப் பார்த்து ஆராய்ந்துவிட்டார்கள். அது ஆய்வு நெறிக்கு முரண். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவதே ரீஜென். 1890களிலேயே பாரிஸில் லூயி கிரீகர் தம் மின்சார வண்டிகளில் இதைச் செய்துவிட்டதால் இத்துறையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆய்வேடு எழுத அது என்றுமே தடையாக இருந்ததில்லை.

இத்துறை அறிஞர் இரு சாரார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி வேகம் குறைய வேண்டும் என்போர் காலெடுத்தார். டெஸ்லாவும் நிஸான் லீஃபின் இ-பெடலும் இவர்க்குச் சான்று. காலெடுத்தால் வண்டி தன் போக்கில் ஓடட்டும், பிரேக்கை மிதித்தால் மீட்டுக்கொள்ளலாம் என்போர் மிதித்தார். போர்ஷே டைகான் இவர் கட்சி. டைகானில் பிரேக்கை மிதித்தாலும் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பது மோட்டார்தான், பிரேக் பேட் அல்ல. ஆக, இருவரும் ஒரே மின்சாரத்துக்காகத்தான் சண்டையிடுகிறார்கள். இந்தச் சண்டை ஓய்ந்தால் கருத்தரங்குகள் பல ஓய்ந்துவிடும் என்பதால் நாமும் அதைத் தீர்க்க முற்படவில்லை. பேட்டரி மிகக் குளிர்ந்திருந்தால் ரீஜென் குறையும். இந்த இயல் சென்னை வாசகருக்கு வேண்டியதில்லை.

இனி நம் கொள்கை: நெடுஞ்சாலையில் ரீஜென் வருமானம் அல்ல, நட்டத்தில் ஒரு பகுதி திரும்பி வருவது மட்டுமே. 1,600 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமந்துகொண்டு போகும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.17 யூனிட். அதே சாலையில் ஒரு கிலோமீட்டர் போவதற்கே அது சரியாகப் போகும். அதிலும் மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றும் போகும்போதும் வரும்போதும் தம் பங்கை எடுத்துக்கொள்ள, சக்கரத்துக்கு மீண்டும் வந்து சேர்வது அதிகம் போனால் 70 விழுக்காடு. பால் வாங்கிய வீட்டில் காலிக் கவரை எடைக்குப் போட்டுக் கிடைக்கும் காசு மாதிரிதான் இது. அந்த வேகத்தில் பேட்டரி செலவழிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. காற்றிடம் கொடுத்ததைக் கேட்டு வாங்க ரீஜெனுக்கு வழியில்லை. ஆகவே ‘இவ்வளவு மீட்டேன்’ என்று திரையைக் காட்டுபவர், ‘இவ்வளவு பிரேக் போட்டேன்’ என்று வாக்குமூலம் தருகிறார்.

பரனூரிலிருந்து சமயபுரம் வரை சுங்கச்சாவடிகள் உள்ளனவே, அங்கே வேகத்தைக் குறைத்துத்தானே ஆக வேண்டும் என்று ஒரு தடை எழும். வலுவான தடை, விரிவாகவே பார்ப்போம். 100-லிருந்து முழுதாக நின்றால் கைக்கு வருவது 0.12 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு ரூபாய் யாருக்கு உரியது? ஓட்டியவருக்கே என்பர் ஒரு சாரார். சாவடி இல்லாவிட்டால் அவர் நின்றிருக்கவே மாட்டார், நில்லாமல் மீட்பேது, ஆகவே சாவடிக்கே என்பர் இன்னொரு சாரார். முன்னால் நின்ற லாரியின் ஃபாஸ்டேக்கில் பணமில்லாததே நின்றதற்குக் காரணம், ஆகவே லாரிக்காரருக்கே என்பர் மூன்றாம் சாரார். இந்த மூன்றாம் கருத்தை மறுத்தவருக்கு மறுப்பெழுதியவர், தம் நூலின் கிடைக்காமற்போன நான்காம் தொகுதியில், ஓர் அடிக்குறிப்பில் இட்ட நட்சத்திரக் குறிக்குக் கீழே, இதுவே முன்னோர் கொள்கை என்று எழுதியிருந்ததாக அவருடைய மாணவர் தம் முன்னுரையில் சொல்கிறார். அந்த முன்னுரையை மேற்கோள் காட்டியவர் எவரும் அதைப் படித்ததில்லை. எனவே கருத்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. நம் தீர்ப்பு வேறு. சாவடிப் பலகையைத் தொலைவிலேயே பார்த்து, ரீஜெனைக் குறைத்து வைத்து, வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டு வருபவருக்கு இந்த வழக்கே எழுவதில்லை. மேலும், அதிக அளவு ரீஜெனில் காலைச் சட்டென்று தூக்கினால் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஆம்னி பஸ்சுக்குப் பதறிப்போகும். வேகம் இப்படிக் குறையும் அளவு ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 13-எச் விதி. எரிந்தாலும், ஒட்டி வருபவருக்கு இடைவெளி போதுமா என்பது வேறு ஆராய்ச்சி.

பிரேக் பேட் தேயாதே என்பார்க்கு: ஆம், தேயாது.

மலைப்பாதையில் மட்டும் நம் கொள்கை தோற்கிறது, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் ஏறத்தாழ 1,900 மீட்டர். நாம் சொன்ன அதே கார் அதில் விட்டுக்கொண்டு வரும் ஆற்றல் 8 யூனிட்டுக்கு மேல். டயரும் காற்றும் எடுத்தது போக ஏறக்குறைய பாதி பேட்டரிக்கு வரலாம். அங்கே வேகத்தைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், பிடிக்கிற வேலையை மோட்டாரே செய்தால் பேடும் சூடேறாது. ஆனால் நிறைந்த பேட்டரியில் மின்சாரத்துக்கு இடமில்லை. ரீஜென் முதல் வளைவுகளில் கைவிட்டுவிடும். உதகை ஓட்டலில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், 80 விழுக்காட்டில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.